கோப மாத்திரை

உக்காருங்க தம்பி. அது என்ற பைதான், எடுத்துக்கறேன். நெம்ப நேரமா நின்னுட்டே இருக்கறீங்களேன்னு பாத்துட்டு இருந்தேன். இந்த ஆஸ்பத்திரியில டோக்கன் நகர்றதை நம்பி நிக்கக் கூடாதுங்க, காலு வீங்கிப் போகும். மொதத் தடவைங்களா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஊட்டுக்காரம்மாவுக்கா? அதோ, கண்ணாடி போட்ட அந்தப் புள்ளைங்களா? சின்ன வயசா இருக்குது. ஒண்ணும் வெசனப்படாதீங்க. வலிப்புங்கறது இப்பெல்லாம் மாத்திரை போட்டா நின்னு போகுது. வலிப்பைப் பத்தி எனக்கு ஒரு கொறையும் இல்ல. என்ற கொறையெல்லாம் மாத்திரையைப் பத்தித்தான்.

என்ற பேரு சென்னியப்பனுங்க. காங்கயம் பக்கம். இன்சூரன்ஸ் ஏஜெண்டு. நகந்து உக்காராதீங்க, உங்களைப் பாலிசி போடச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் இன்னைக்குச் சொல்ல மாட்டேன். சாவைப் பத்தி ஒரு மனுசன்கிட்டச் சிரிச்ச மொகமாப் பேசிக் கையெழுத்து வாங்கறது லேசுப்பட்ட காரியமில்ல. கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளைகிட்டயே வாங்கியிருக்கேன். ஊர்ல அண்ணந்தம்பிச் சண்டைன்னாலும் என்னையத்தான் கூப்பிடுவாங்க. நான் பேசினா நாலு பேரு கேப்பாங்க. எங்கூட்லயும் அப்படித்தான் இருந்துச்சு. நான் பேசுவேன், சம்பூரணம் கேப்பா. சம்பூரணம்னா எங்கூட்டு அம்மணி. பொம்பளைங்க பக்கம் பாருங்க, பச்சைச் சேலை, மடியில பை வச்சுட்டு. கட்டிட்டு வந்து முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, ஒரு வார்த்தை எதுத்துப் பேசினதில்ல. ஊருக்குள்ள அவளைக் காட்டித்தான் மருமகளுங்களுக்குப் புத்தி சொல்லுவாங்க. அப்படி இருந்தவ.

போன வருசம் ஆவணியில என்ற தங்கச்சி ரத்தினா பேத்திக்குச் சிவன்மலையில காது குத்து. சீர்த்தட்டைத் தூக்கிட்டுப் படியேறின சம்பூரணம் அப்படியே சாஞ்சுட்டா. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது, வாயில நுரை. ஆளாளுக்குச் சாவிக் கொத்தைக் கொண்டாந்து கையில திணிச்சாங்க. அதெல்லாம் செய்யக் கூடாதுன்னு டாக்டரம்மா பொறவு சொன்னாங்களாம். ஒருக்களிச்சுப் படுக்க வச்சாப் போதுமாம். பொறவு இங்க கூட்டியாந்து தலையைப் படம் புடிச்சுப் பாத்தா, என்னைக்கோ பட்ட சின்ன அடியோட தழும்பு உள்ள இருக்குதாம். மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. அதோட சரி. அன்னைல இருந்து இன்னைக்கு வரைக்கும் வலிப்பு எட்டிப் பாக்கல. அந்த வெகையில டாக்டரம்மா கெட்டிக்காரிதான், நான் இல்லைங்கல.

நான் ஒரு மாசம் தவறாம அவகூட ஒட்டுக்கா வருவேனுங்க. பொம்பளையத் தனியா விட மாட்டேன். உள்ள மட்டும் போக மாட்டேன். அந்த மருந்து வாசம் நமக்கு ஆகாது. அதுவுமில்லாம இந்தப் பெஞ்சுல உக்காந்தா நாலு பேர் பழக்கமாகும், நல்ல எடம். அவ போயி டாக்டரைப் பாத்து, மாத்திரையும் வாங்கிட்டு வந்துருவா. ஊட்டுக்குப் போனதும் அட்டையில இருந்து எல்லாத்தையும் பிதுக்கிப் பழைய பெருங்காய டப்பாவுல போட்டு வச்சுக்குவா. ஒறம்பரை வந்தா அலமாரியக் கொடஞ்சு அட்டையில என்ன பேரு எழுதியிருக்குதுன்னு பாக்கற சாதி எங்க சனம். அதனால டப்பாதான் பத்திரம். என்ன மாத்திரைன்னு எனக்கும் பேரு தெரியாது. வெள்ளையா இருக்கும், பெருங்காயம் மணக்கும், அவ்வளவுதான் தெரியும்.

மொத மாசமே சொன்னா. 'ஏனுங்க, இந்த மாத்திரை போட்டாச் சில பேருக்குக் கோபம் வருமாம். வந்தாச் சொல்லச் சொன்னாங்க'ன்னு. நான் சிரிச்சேன். உனக்காவது கோபமாவதுன்னு.

வந்துச்சுங்க தம்பி. ஒரு நாள் நான் கணக்குப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். சம்பூரணம் தண்ணின்னேன். பானை எனக்குப் பக்கத்துலதான் இருக்குது. அவ அடுப்படியில இருந்து, 'எந்திரிச்சு மொண்டு குடிங்க, கை இருக்குதல்ல'ங்கறா. எனக்கு ஒரு நிமிசம் யார் ஊட்ல உக்காந்திருக்கறோம்னே தெரியல. பொறவுதான் நெனப்பு வந்துச்சு. மாத்திரை. சரின்னு நானே மொண்டு குடிச்சேன். வியாதிக்காரிகிட்ட என்னத்தப் பேசறது?

அதுக்கப்பறம் ஒண்ணு ரெண்டா? ரத்தினா வந்திருந்தா. அவளுக்கு ஒரு பழக்கம், எங்கூட்ல எந்தக் கொழம்பு ஊத்தினாலும் உப்புப் பத்தலைம்பா, இல்ல காரம் ஏறிப் போச்சும்பா. சும்மா பேச்சுக்குச் சொல்றதுங்க, நாத்தனார்னா அப்படித்தான். சம்பூரணம் கரண்டியக் கீழ வச்சுட்டு, 'முப்பது வருசமாக் குத்தம் சொல்லிச் சொல்லியே ரெண்டாந்தடவை வாங்கித் திங்கறே ரத்தினா'ன்னு போட்டா ஒரு போடு. ரத்தினாவுக்கு மொகம் சுண்டிப் போச்சு. நான் சட்டுனு கையப் புடிச்சு, 'மாத்திரை ரத்தினா, வேற ஒண்ணுமில்ல, வலிப்பு மாத்திரை அப்படிப் பேச வைக்குது'ன்னேன். அவளும், பாவம் அண்ணி, மாத்திரை என்ன பாடு படுத்துதுன்னு கண்ணு கலங்கிட்டா. சம்பூரணமும் ஆமாங்கற மாதிரி தலைய ஆட்டிட்டு மறுக்கா ஒரு கரண்டி ஊத்தினா.

ஊரு பூரா தெரிஞ்சு போச்சு. யாரும் ஒண்ணும் நெனச்சுக்கல. பக்கத்துத் தோட்டத்துக்காரன் வரப்பை வெட்டி உள்ள தள்ளினதை முச்சந்தியில நிறுத்திக் கேட்டா. மாத்திரை. கோயில் கூட்டத்துல, பொங்கல் வைக்கறது பூராப் பொம்பளைங்க, பேசறது மட்டும் ஆம்பளைங்களான்னு கேட்டா. அதுவும் மாத்திரை. நான் முன்னாலயே போயி எல்லார்கிட்டயும் சொல்லி வச்சுருவேன். ராத்திரி சோத்துக்கப்பறம் மாத்திரை போடுவா. போட்டு அரை மணி நேரம் நான் ஊட்லயே இருக்க மாட்டேன், தேர் நிக்கற தேர்முட்டி வரைக்கும் நடந்துட்டு வருவேன். அப்படியும் காலங்காத்தால பேசினா, சரி, ராத்திரி மாத்திரையோட மிச்சம். சாயங்காலம் பேசினா, மாத்திரை வேகம் கொறையுது, அதனால வர்ற கோபம். எனக்கு அதோட கணக்கே அத்துபடி ஆயிருச்சுங்க.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம் தம்பி. ஒரு நாள் சோறு போட்டுட்டே சொல்றா, 'எங்கப்பன் மொகத்தப் பாக்க விடலீங்களே நீங்க'ன்னு. எப்பத்த சங்கதி தெரியுமா? அவங்கப்பன் செத்து இருவது வருசம் இருக்கும். அன்னைக்கு எனக்குத் திருப்பூர்ல விழா. அந்த வருசம் எங்க பகுதியிலயே அதிகப் பாலிசி புடிச்சவன் நான், மேடையில கூப்பிட்டுச் சால்வை போடறாங்க. சாவுச் சேதி வந்துச்சு. விழா முடிஞ்சு ஒட்டுக்காப் போயிக்கலாம், தனியா எப்படிப் போவேன்னு சொன்னேன். அவ நல்லதுக்குத்தானுங்க. நாங்க போயிச் சேர்றப்ப எடுத்துட்டாங்க. வெயில் காலம், எத்தனை நேரம் வச்சிருப்பாங்க? இவ வாய்க்கரிசி போட முடியாமப் போச்சு. அன்னைக்கு ஒரு வார்த்தை கேக்கல. அழுதா, பொறவு எந்திரிச்சு வந்து எனக்குச் சோறு போட்டா. இப்ப மாத்திரை உள்ள போயி, பொதைச்சதையெல்லாம் தோண்டி எடுக்குது. ஒரு தடவை இல்ல, பத்து நாளைக்கு ஒருக்கா. 'நீங்க சால்வையோட வந்து நின்னீங்க'ம்பா. 'அந்தச் சால்வையக் கூடக் கழட்டாம வந்து நின்னீங்க'ம்பா. எனக்குச் சோறு எறங்குமாங்க?

அப்பத்தான் முடிவு பண்ணினேன், இந்த மாத்திரையை மாத்தியே ஆகணும்னு.

ரத்தினா மகன் யுவராஜ் ஐரோப்பாவுல ஏதோ ஒரு நாட்ல இருக்கறான். அந்த நாட்டுப் பேரு என்ற வாயில நுழையாது. கம்ப்யூட்டர் வேலை. அவன்கிட்டப் பொலம்பினேன். அவன் தேடிப் பாத்துட்டு ஒரு கட்டுரையை அனுப்பினான். அங்க மனச்சோர்வுக்குன்னு ஒரு மாத்திரை குடுக்கறாங்களாம். மனசு ஒடிஞ்சு கெடக்கறவங்களைத் தெளிய வைக்கிற மாத்திரை. அதை எலிக்குக் குடுத்துப் பாத்தா எலிக்கு வலிப்புக் கொறஞ்சுதாம். எனக்குப் பளிச்சுனு பட்டுச்சு. ஒரே மாத்திரை, வலிப்பும் நிக்கும், மனசும் அமைதியாகும். எங்க தொழில்லயும் இப்படித்தான், ஒரே பாலிசியில ரெண்டு பலன் இருந்தா யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க.

யுவராஜ் நல்ல பையன், பயந்தான். 'மாமா, இதுக்கு நம்ம நாட்ல அனுமதி இல்ல. மனுசனுக்கு வலிப்புக்குன்னு எந்த நாட்லயும் குடுக்கறதில்ல. டாக்டர்கிட்டக் கேக்காமத் தொடாதீங்க'ன்னான். ஆகட்டும் கண்ணு, நீ அனுப்பு, டாக்டரைக் கேட்டுக்கலாம்னேன். கேக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா கேட்டா டாக்டர் என்ன சொல்லுவாங்க? அவங்க எழுதினதை விட்டுட்டு நீ கொண்டாந்ததைப் போடுன்னு எந்த டாக்டர் சொல்லுவாங்க? அனுமதி என்னங்க அனுமதி, இன்னைக்கு இல்லாதது நாளைக்கு வருது. அவனோட கூட்டாளி ஒருத்தன் லீவுல வந்தப்ப ஒரு பெட்டி குடுத்து விட்டான். சின்னதா வெள்ளை மாத்திரை, பாக்கறதுக்கு இவளுது மாதிரியே இருந்துச்சு. டப்பாவுல இருக்கறதை எடுத்துட்டு இதைப் போட்டு வச்சா ஒரு வாரத்துக்குள்ள பெருங்காய வாசமும் வந்துரும். அவகிட்டச் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. சொன்னா அந்தக் கோப மாத்திரை அவளை ஒத்துக்க விடாதே.

ஆனா பெட்டி வந்து சேர்றப்ப ஆடி பொறந்துருச்சுங்க. ஆடியில புது மருந்து ஆரம்பிக்கலாமா? பாலிசிக்கே எங்க பக்கம் ஆடியில யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. எதையும் நாள் பாத்துத்தான் செய்யணும், அவசரப்பட்டு ஒரு உசுரோட வெளையாடக் கூடாது. ஆவணி மொத வளர்பிறையில மாத்தி வச்சுக்கலாம்னு பெட்டியை என்ற சட்டைங்களுக்கு அடியில வச்சுட்டேன்.

வச்சதை அவ பாத்துட்டா. ஆடி நோம்பிக்கு ஊட்டைத் தொடைக்கறப்ப எடுத்திருக்கறா. பெட்டி மேல இருந்த பேரைப் போன்ல போட்டுப் பாத்திருக்கறா. மனச்சோர்வுக்குன்னு வந்திருக்குது. இவ என்ன நெனச்சுட்டான்னா, தம்பி, எனக்குத்தான் மனசு சரியில்ல, யாருக்கும் தெரியாம வெளிநாட்ல இருந்து வரவழைச்சுப் போட்டுட்டு இருக்கறேன்னு நெனச்சுட்டா.

எனக்கு இது தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், திடீர்னு ஒரு நாள் சாயங்காலம் வந்து பக்கத்துல உக்காந்தா. டிவியை அணைச்சா. 'மனசுக்குள்ள என்னங்க இருக்குது?'ன்னு கேட்டா. ஒண்ணுமில்லையேன்னேன். தலையில எண்ணெய் வச்சுத் தேச்சு விட்டா. ராத்திரி நான் தேர்முட்டிக்குக் கெளம்பினா அவளும் செருப்பை மாட்டிட்டுக் கூடவே வர்றா. இருட்டுல நடந்துட்டே, 'எதுக்காவது பயமா இருக்குதுங்களா?'ன்னு கேக்கறா. அவங்கப்பன் பேச்சை எடுக்கவே இல்ல. எனக்குப் புடிச்ச கொள்ளுப் பருப்பு வாரத்துல மூணு நாள். நான் நெனச்சேன், மாத்திரையோட வீரியம் தானாவே அடங்கிப் போச்சுன்னு. தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சுன்னு நிம்மதி. ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. எங்கம்மா போன பொறவு என்னைய யாரும் பயமா இருக்குதான்னு கேட்டதில்ல. நெம்ப நல்லா இருந்துச்சுங்க அந்த ரெண்டு மூணு வாரம்.

ஆடிக் கடைசியில இங்க வர்ற நாள் வந்துச்சு. வழக்கம் போல இந்தப் பெஞ்சுல உக்காந்தேன். அவ கையப் புடிச்சா. 'இன்னைக்கு நீங்களும் உள்ள வாங்க'ன்னா. பேசற தோரணையைப் பாத்தா மறுக்கத் தோணல. போனேன். டாக்டரம்மா சின்னப் பொண்ணுதான், சம்பூரணத்தைப் பாத்ததும் ஏதோ சொந்தக்காரங்களைப் பாத்த மாதிரி சிரிச்சுது. இவ பைக்குள்ள இருந்து அந்தப் பெட்டியை எடுத்து மேசை மேல வைக்கறா.

'இவருக்கு மனசு சரியில்லைங்க டாக்டர். வெளிய சொல்லிக்க மாட்டாரு. யாருக்கும் தெரியாம இதை வரவழைச்சு வச்சிருக்கறாரு. நம்ம ஊரு மாத்திரை இல்லைங்களாமா. இவரையும் ஒருக்காப் பாருங்க'ன்னு சொல்றா. டாக்டரம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, எவ்வளவு நாளா இதைப் போடறீங்கன்னு என்னையக் கேக்குது.

நான் யாருங்க? ஆயிரம் பேர் முன்னால வாயைத் தொறந்தவன். மனசு சரியில்லாதவன்னு பேரு எடுக்கறதா, உள்ளதைச் சொல்றதா? உள்ளதையே சொன்னேன். எனக்கில்லீங்க டாக்டரம்மா, இவளுக்குத்தான். நீங்க குடுக்கற மாத்திரை வலிப்புக்கு நல்ல மாத்திரை, ஆனா வாய் தாங்கல. இதுன்னா வலிப்புக்கும் ஆகும், கோபமும் அடங்கும்னு கட்டுரையில போட்டிருக்குது, ஆவணி பொறந்ததும் மாத்தி வைக்கலாம்னு இருந்தேன்னு எல்லாத்தையும் சொன்னேன்.

டாக்டரம்மா என்னையத் திட்டலீங்க. திட்டியிருந்தாத் தேவலை. மெதுவாச் சொல்லுச்சு. எலிக்கு ஆச்சுன்னு மனுசிக்குக் குடுக்க முடியாது. இது வலிப்பைக் கொறைக்குமா, கூட்டுமான்னு யாருக்கும் உறுதியாத் தெரியாது. ஓடிட்டு இருக்கற மாத்திரையைச் சட்டுனு நிறுத்தினா வலிப்புத் திரும்ப வரும், விடாமக் கூட வரும், அடுப்படியில நிக்கறப்ப வந்தா என்ன ஆகும்னு கேட்டுச்சு. கேட்டுட்டு, நெத்தியச் சுருக்கிட்டு, கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, 'எந்தக் கோபத்தைச் சொல்றீங்க? கோபம் வருதுன்னு அவங்க சொன்னதுமே அந்த மாத்திரையைப் படிப்படியாக் கொறைச்சு, தை மாசமே முழுசா நிறுத்திட்டேனே. இப்பப் போடறது வேற. இதுக்குக் கோபம் வர்றதில்ல. அம்மாகூட இப்ப நல்லா இருக்குன்னுதானே சொல்றாங்க'ன்னுச்சு.

தை. தம்பி, தையில இருந்து ஆடி வரைக்கும் நீங்களே எண்ணிப் பாருங்க. வரப்புச் சண்டை மாசியில. கோயில் கூட்டம் பங்குனியில. அவங்கப்பன் சங்கதி அதுக்கும் பின்னால. நான் சம்பூரணத்தைத் திரும்பிப் பாத்தேன். அவ என்னையப் பாக்கல. அந்தப் பெட்டியப் பாத்துட்டு இருந்தா. கெணறு வெட்டப் பூதம் கெளம்பின கதைம்பாங்களே, அதுல பாருங்க, ரெண்டு பூதம் ஒரே நேரத்துல கெளம்புச்சு.

டாக்டரம்மா பெட்டியை வாங்கி வச்சுட்டு எங்களை அனுப்பிருச்சு. பஸ்ஸு பல்லடம் தாண்டுச்சு. பொறவு அவதான் கேட்டா, 'டப்பாவுல மாத்தி வச்சிருப்பீங்களா?'ன்னு. நல்ல நாள் பாத்துத்தான் வைக்கறதா இருந்தேன்னு சொன்னேன். உண்மையத்தானே சொன்னேன், அதுக்கு அவ கண்ணை மூடிக்கிட்டா. சரி, இப்ப என்ற மொறைன்னு நானும் கேட்டேன். மாத்திரை மாறினதை ஏன் என்கிட்டச் சொல்லல? இத்தனை மாசம் ஊரு பூரா நான் மாத்திரை மாத்திரைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சனே, எனக்கு என்ன மருவாதின்னு கேட்டேன்.

அவ சன்னல் பக்கம் பாத்துட்டே சொன்னா. 'மொதல்ல மாத்திரைதானுங்க பேசுச்சு. பொறவு மாத்திரை போயிருச்சு, பேச்சு மட்டும் தங்கிக்கிச்சு. மாத்திரைன்னு நெனச்சதனாலதான் நீங்க கேட்டுட்டு இருந்தீங்க. நான்னு நெனச்சிருந்தாக் கேட்டிருப்பீங்களா?'

கேட்டிருப்பேன்னு சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள எங்க ஸ்டாப் வந்துருச்சு.

அன்னைக்கு நின்னதுதானுங்க பேச்சு. சண்டையெல்லாம் இல்ல, தப்பா நெனச்சுக்காதீங்க. கேட்டாப் பதில் சொல்லுவா. சரிங்க. ஆச்சுங்க. பசிக்குதுங்களா. நான் கேக்கறதுக்கு முன்னாலயே தண்ணி வந்துருது. ரத்தினா வந்து கொழம்புல புளி தூக்கலா இருக்குதுன்னா, ஆமாம் ரத்தினான்னு சொல்லிட்டா. ரத்தினா என்னைய ஓரமாக் கூப்பிட்டு, 'மாத்திரையை மாத்திட்டீங்களாண்ணா, அண்ணி தேறிட்டாங்க'ங்கறா. பழைய சம்பூரணம் முழுசாத் திரும்பி வந்துட்டா. நான் வேணும்னு தவங்கெடந்தது இதுக்குத்தான். வேற ஆளா இருந்தா சந்தோசப்படுவான்.

எனக்குச் சோறு எறங்கலீங்க. அந்தப் பெருங்காய டப்பா இப்ப அலமாரில இல்ல. அவ மடியில இருக்கற பைக்குள்ள இருக்குது பாருங்க. ராத்திரி தலைமாட்டுல வச்சுட்டுத்தான் படுக்கறா. ஊட்ல இருக்கறது நாங்க ரெண்டே பேரு. பின்ன யாருக்குப் பயந்துட்டு அவ டப்பாவத் தூக்கிட்டுத் திரியறா? நானும் தொழில் தெரிஞ்சவன்தானே, பேச வைக்கப் பாத்தேன். வேணும்னே ஒரு நாள் பருப்பு வேகலைன்னேன். நாளைக்கு நல்லா வேக வைக்கறேனுங்கன்னா. பானை பக்கத்துல உக்காந்துட்டுத் தண்ணின்னு கத்தினேன். கொண்டாந்து குடுத்தா. கடைசியா முந்தாநேத்து, நானே, என்ற வாயாலயே, 'உங்கப்பன் மொகத்தை நான் பாக்க விடலைன்னு சொல்லுவியே'ன்னு ஆரம்பிச்சேன். 'அதெல்லாம் பழைய கதைங்க, சாப்பிடுங்க'ன்னுட்டா. அவ திட்டினப்பக் கூட இப்படி இல்ல தம்பி. பயமா இருந்துச்சுங்க. பயமா இருக்குதான்னு கேக்கறதுக்குத்தான் ஆளில்ல.

அதனால இன்னைக்கு ஒரு முடிவோட வந்திருக்கறேன். அவளுக்கு முன்னால நான் மட்டும் உள்ள போயி டாக்டரம்மாகிட்டப் பேசப் போறேன். நர்ஸ்கிட்டச் சொல்லி வச்சுட்டேன். அந்தப் பழைய மாத்திரை இருக்குதே, கோப மாத்திரை, அதையே திரும்ப எழுதிக் குடுங்கன்னு கேக்கப் போறேன். முழுசா வேண்டாம், கால் மாத்திரை போதும். அதுவும் ஆகாதுன்னா, சத்து மாத்திரையவே எழுதிட்டு, அம்மா, இதுக்குக் கொஞ்சம் கோபம் வரும்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னாக் கூடப் போதும். அது பொய்னு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிஞ்சா என்னங்க? அப்பவும் அவளுக்குத் தெரிஞ்சுதானே இருந்துச்சு, ஊடு நல்லாத்தானே நடந்துச்சு. டாக்டரம்மா ஒத்துக்காதுதான். ஒத்துக்க வைக்கறேன். அதுதானே என்ற தொழில்.

என்னது? அவகிட்டயே நேராப் போயி, நீ பேசு, நான் கேக்கறேன்னு சொல்லிப் பாத்தனான்னா கேக்கறீங்க?

நல்லாக் கேட்டீங்க போங்க. கட்டின பொண்டாட்டிகிட்டப் போயி அதையெல்லாம் எப்படித் தம்பி கேக்கறது? நம்மனால ஆகாது. டாக்டரம்மா எழுதிக் குடுக்கட்டும்.